ராசாத்திக்குச் சம்பந்தம் பேசிய ஜீப்பு

ஏறியவர்களின் உயிரை ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிட்டு, வழியில் நிற்கும் கழுதையின் மனத்தாங்கலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஓட்டுநர், போடியிலிருந்து மலையேறிய ஜீப்புக்காரர்களில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய பெயரை ஊர் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எல்லாருக்கும் அவர் ‘சம்பந்தி’.

காரணம் உண்டு. எந்த வீட்டிலாவது கன்றுக்குட்டியைக் குட்டைக் கயிற்றில் கட்டியிருந்தால், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனைப் போல உள்ளே நுழைவார். “எங்க புள்ளய இப்படித்தான் வச்சுக்குவீகளா?” என்பார். கயிறு நீளும்வரை அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார். ராசிங்காபுரத்தில் ஒரு குடும்பமே அவருடைய ஜீப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஆட்டைத் தடவிக்கொடுக்கும்.

எழுபதுகளின் பிற்பகுதியில், மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியை. காய் எடுக்கப் போகும் பெண்களோடு காலையில் அவர் ஜீப்பில் ஏறுவேன். அடிவாரத்தில் ராவுத்தர் டீக்கடையில் வண்டி சற்று நிற்கும். அங்கே வேப்பமரத்தடியில் சங்கிலியில் கிடந்தாள் ராசாத்தி. வித்தை காட்டிப் பிழைத்த ஒருவர், நோயில் விழுந்ததும் ராவுத்தரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பெண்குரங்கு.

நாள் முழுவதும் இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருப்பாள். டீ குடிப்பவர்கள், “ஆடுது பாரு” என்று சிரிப்பார்கள். முழங்கைக்குக் கீழே அவளுக்கு ஒரு முடி கிடையாது; தானே பிடுங்கியிருந்தாள். கூட்டமாக வாழும் பிராணி தனியே கிடந்தால் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும் என்று நான் படித்ததைச் சம்பந்தியிடம் சொன்னேன். அன்றே ஒரு சட்டம் பிறந்தது: எவள் தலையில் ராசாத்தி பேன் பார்க்கிறாளோ, அவளுக்கே ஜீப்பின் முன் சீட்டு.

மறுநாளிலிருந்து பெண்கள் தலை சீவாமல் வந்தார்கள். சிலமலைக்காரி பேச்சியம்மாள் குனிந்து உட்கார்ந்தால் ராசாத்தியின் அசைவு நின்றுவிடும். விரல்கள் நிதானமாக வகிடு பிரிக்கும். நானும் ஒரு முறை உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பிரித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

“வெறுந்தலயோட வந்து அவ சோலியக் கெடுக்காதீக டீச்சர். பின்னால ஏறுங்க” என்றார் சம்பந்தி.

ஆனால் ஜீப்பு போன பிறகு மீதிப் பகல் முழுவதும் அவளுக்குத் தனிமைதான். மழைக்காலம் வந்தபோது மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கியிருந்தாள். புண் ஆறவில்லை.

“சோறும் எறங்கல மாப்ளே. பாத்துக்கிட்டு இருக்க முடியல” என்றார் ராவுத்தர்.

“அவ ஆளுகளோட சேத்து விட்டுருவோம் மாமா.”

“சேத்துக்கலன்னா? கிழிச்சுப் போட்டுருமே.”

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். டீயைக் குடிக்காமலே வண்டியை எடுத்தார்.

மலைப்பாதையில் ஒரு வளைவின் தடுப்புச் சுவர்மேல் குரங்குக் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருப்பது வழக்கம். அங்கே கொண்டுபோய் விடுவதாக முடிவாயிற்று. பெண்கள் சும்மா இருப்பார்களா? பேச்சியம்மாள் எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, பொட்டும் வைத்தாள். இன்னொருத்தி கழுத்தில் கனகாம்பரம் சுற்றினாள். ராவுத்தர் தம் பங்குக்குப் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கடைக்குள் போனவர் வெளியே வரவில்லை.

வளைவில் சங்கிலியை அவிழ்த்தார் சம்பந்தி. சுவரில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. தடித்த ஆண்குரங்கு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கியது. ராசாத்திக்குத் தன் இனத்தின் மரியாதைகள் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் முகத்தோடு நிமிர்ந்து நின்று, வித்தைக்காரர் பழக்கிய சலாம் ஒன்று வைத்தாள்.

அடுத்த நொடி அவளைக் காணவில்லை. அவள் இருந்த இடத்தில் உருண்டு புரளும் கூட்டம்தான் இருந்தது. அது பள்ளத்தின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. சம்பந்தி துண்டைச் சுழற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். திரும்பியபோது அவர் தோளில் பல் பதிந்திருந்தது. அவர் மார்பில் ராசாத்தி, ஒரு காது கிழிந்து, நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் பேச்சியம்மாள் முந்தானையால் அந்தக் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான், கூட்டத்துக்குள் இடம் கிடைப்பதில் மூத்த பெண்குரங்குகளின் தயவு பெரிது என்று படித்ததைச் சொன்னேன்.

“மாமியாக்காரி கையிலதான் எல்லாமா?” என்று கேட்டு, தலையில் கைவைத்தார் சம்பந்தி. “பொண்ணு பாக்காமலே வழியனுப்பி வச்சுட்டமே டீச்சர்.”

மஞ்சளும் எண்ணெயும் கழுவப்பட்டன. காது ஆறியதும், ஏலக்காய் உலர்த்தும் பழைய கம்பிவலைத் தட்டுகளைக் கட்டி ஒரு கூண்டு செய்தார். அதில் ராசாத்தியை ஏற்றி, ஜீப்பின் பின்னால் வைத்து, தினமும் அந்த வளைவில் நிறுத்துவார். அப்போது நாங்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஆண்குரங்கின் கண்ணைப் பார்க்கக் கூடாது. “மாப்பிள வீட்டாளுக முன்னால அடக்கமா இருங்கத்தா” என்பார். தோட்டத்து மேஸ்திரி தாமதத்துக்குத் திட்டினால், “பொண்ணு பாக்குற எடத்துல வெரசா வான்னா எப்படிப்பு?” என்பார்.

கூட்டம் முதலில் சீறியது. பிறகு சும்மா பார்த்தது. பனி மூடிய ஒரு காலையில், மடி தளர்ந்த கிழட்டுப் பெண்குரங்கு ஒன்று இறங்கி வந்து, கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. வலைக்குள்ளிருந்து ராசாத்தியின் விரல்கள் மெல்ல வெளியே நீண்டன. முதுகு மயிரைப் பிரித்தன. சட்டென்று கிழவி திரும்பிப் பல்லைக் காட்டியது. பேச்சியம்மாள் என் கையை நசுக்கினாள். ராசாத்தி தலையைத் தாழ்த்திக்கொண்டாள். கிழவி சற்று யோசித்தது போலிருந்தது. பிறகு வலைக்குள் விரலை விட்டு, முடியற்ற அந்தக் கையைத் தொட்டுத் தடவத் தொடங்கியது.

சம்பந்தி கூண்டைத் திறந்தார். ராசாத்தி வெளியே வந்தாள். கிழவியின் பின்னாலேயே போய், சுவரில் கடைசியாக உட்கார்ந்தாள். ஆண்குரங்கு ஒரு முறை பார்த்தது. தொடையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒருத்தரும் பாக்காதீக. பாத்தா வந்துருவா” என்றார் சம்பந்தி, உதடு அசையாமல்.

சண்டை போட்டவர்களைப் போல எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஜீப்பு நகர்ந்தது. அவர் மட்டும் பக்கக் கண்ணாடியை அவள் இருந்த திசைக்குத் திருப்பி வைத்து, அதையே பார்த்து ஓட்டினார். ஒரு புறம் பாறை, மறு புறம் பாதாளம். பாதையைப் பார்த்து ஓட்டுங்கள் என்று அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.