பாம் ஷெல்டரில் பாடிய மாமனார்

அந்தச் சனிக்கிழமை காலை, கோப்பி ஆறுவதற்குள், இனிமேல் ஒழுங்காக வாழ்வது என்று பிரபாகர் முடிவெடுத்தார். அவர் வீட்டில் இதுவரை நடந்த கெடுதல்கள் எல்லாம் இப்படி ஒரு முடிவிலிருந்துதான் தொடங்கியிருக்கின்றன. உடம்பைக் குறைப்பது என்று முடிவெடுத்த வருஷம் முட்டி போயிற்று. சிக்கனமாக இருப்பது என்று முடிவெடுத்த வருஷம், மலிவாக வாங்கிய வாஷிங் மெஷின் கீழ்வீட்டுக் கூரையை நனைத்து, பணத்தையும் அந்த வீட்டாரின் சிரிப்பையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. இந்த முறை அவர் ஒழுங்குபடுத்த எடுத்துக்கொண்டது தம்முடைய பாட்டுகளை.

பகலில் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மற்ற நேரங்களில் இசையமைப்பாளர். இரண்டாவது விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். சிங்கப்பூர் புக்கிட் மேராவில் அவரும் மனைவி கண்மணியும் வாங்கிய புது அடுக்குமாடி வீட்டில், எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல, கனத்த இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன அறை உண்டு. பாம் ஷெல்டர். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள. குண்டு விழாத காலத்தில் மற்றவர்கள் அதில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வைத்திருந்தார்கள். பிரபாகர் ஒரு மைக்கும் ஒரு கீபோர்டும் ஒரு கம்ப்யூட்டரும் தம்மையும் வைத்திருந்தார்.

"குண்டு விழுந்தா நான் எங்க போறது?" என்று கண்மணி அவ்வப்போது கேட்பாள். "உங்க பாட்டுக்குள்ளயா?"

"இடம் இருக்கும்மா."

"இருக்கும். கேக்கத்தான் யாரும் இல்லையே."

கண்மணிக்கு வேலை சாங்கியில், விமானச் சரக்குப் பிரிவில். அங்கே ஒட்டுத்தாள் இல்லாத பெட்டி ஒரு சாண்கூட நகராது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குளிர்பெட்டியில் இருக்கும் ரசத்துக்குக்கூடப் பேரும் கிழமையும் உண்டு. சமையலறை அலமாரியில் டப்பாக்கள் அகரவரிசையில் நிற்கும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டாள். ஒரே பாட்டு, வரிசையாகக் கிடந்தது: 'புதுசு', 'புதுப் புதுசு', 'கடைசி', 'கடைசிக்கு அப்புறம்', 'இதுதான்', 'இதுவேதான்', 'சத்தியமா இதுதான்'.

"இதுல எதுங்க அது?"

பிரபாகர் வெகுநேரம் பார்த்தார். "ஞாபகம் இல்ல" என்றார்.

"நான் இப்படிப் பெட்டி அனுப்பினேன்னா, துபாய்க்குப் போற மீன் லண்டன்ல நாறும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் நாலு நாள் அவரைக் குடைந்தது. அதன் விளைவுதான் சனிக்கிழமை.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு பேர், ஒரே ஒரு ஃபைல் என்று வைத்தார். பேருக்கு முன்னால் வருஷம். மிச்சத்தை அழித்தார். பழைய ஹார்ட் டிஸ்கில் 'ஆடியோ' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே பேரில்லாத ஒலித்துண்டுகள், எல்லாம் வெறும் நம்பர்கள், குப்பை மாதிரி. இடத்தை அடைத்துக்கொண்டு வேறு இருந்தன. முழு டிஸ்கையும் துடைத்தார். காலியான இடத்தில், வெகுநாளாக ஆசைப்பட்ட மிருதங்கச் சத்தங்களை இறக்கி நிரப்பினார். அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டதுபோல் நிம்மதியாக அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் கண்மணி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வர்ற மாசம் அப்பாவுக்கு வருஷம். படையல் அன்னைக்கு அந்தப் பாட்டப் போட்டுருங்க. ஒரு வருஷமா எனக்குக் கேக்க மனசு வரல. அன்னைக்குக் கேட்டுர்றேன்."

அவள் அப்பா சின்னராசு பஸ் ஓட்டியவர். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே அவளுக்காகத் தானே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. எங்கேயும் எழுதியதில்லை. இறப்பதற்கு முந்தின மாதம் அவரைச் சக்கர நாற்காலியோடு பாம் ஷெல்டருக்குள் தள்ளிக்கொண்டுபோய் பிரபாகர் அதைப் பதிவு செய்தார். கண்மணியிடம் இருந்த அப்பா குரல் அது ஒன்றுதான்.

"போட்டுரலாம்" என்றார் பிரபாகர். போய்த் திறந்தார்.

ஃபைல் திறந்தது. பேர் அழகாக இருந்தது. வருஷம் சரியாக இருந்தது. உள்ளே ஒலி அலைக் கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டங்கள் இருந்தன. ஒலித்துண்டுகளைக் காணவில்லை, எங்கே வைத்தீர்கள் என்று சாஃப்ட்வேர் பணிவாகக் கேட்டது. எங்கே வைத்தோம் என்பது பிரபாகருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பேர் வைத்துக் காப்பாற்றிய ஃபைலில் பாட்டே கிடையாது. எந்தத் துண்டு எந்த இடத்தில் வரவேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். பாட்டு இருந்தது அந்தக் குப்பையில். கல்யாணப் பத்திரிகையைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடலில் தள்ளியிருந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாம் ஷெல்டருக்குள் அது கேட்காது. எதுவுமே கேட்காது. அதற்காகத்தானே அந்த அறையைக் கேட்டு வாங்கியிருந்தார்.

மறுநாள் டிஸ்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஃபேரர் பார்க்கில் ரஃபீக் கடைக்குப் போனார். ரஃபீக் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி; கைப்பேசி, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். ஒரு மணி நேரம் அதை நோண்டினான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். டாக்டர்கள் அப்படித் துடைப்பதைப் பிரபாகர் போன வருஷம்தான் பார்த்திருந்தார்.

"அழிச்சது மட்டும்னா எடுத்துருவேன் மச்சான். நீ அதுக்கு மேல மிருதங்கத்த எறக்கி வச்சிருக்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. 'தா, தின்'னு கேக்குது. உன் மாமனார் இல்ல."

"கண்மணிகிட்ட எப்படிடா சொல்றது?"

"சொல்லிரு லா. ஒரு நாள் அழுவும். ரெண்டு நாள் பேசாது. அப்புறம் சரியாயிரும்."

"நீ உன் பொண்டாட்டி ஃபஸீலாகிட்ட இப்படி ஏதாவது சொல்லியிருக்கியா?"

ரஃபீக் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தான். "நான் அவகிட்ட எதையும் மறைக்கிறதில்ல மச்சான். அதுக்குத் தைரியம் கிடையாது" என்றான். அந்த வாக்கியத்தைப் பிரபாகர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ரயிலில் திரும்பும்போது அவருக்கு வழி தெரிந்தது. அந்தப் பாட்டை மெருகேற்ற எத்தனை நாள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு மூச்சும் தெரியும். தாமே பாடிவிட்டால் என்ன? குரலைக் கொஞ்சம் கீழே இறக்க சாஃப்ட்வேரில் வசதி இருக்கிறது. கண்மணியோ ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. யோசிக்க யோசிக்க அவருக்கே தம்மைப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை.

கண்மணிக்கு மத்தியான ஷிஃப்ட் உள்ள நாட்களில் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு மாமனார் ஆனார்.

*பாலந் தாண்டிப் பஸ்ஸு வருது, பையை எடு கண்ணு;
பள்ளிக்கூடம் பிடிக்கலைன்னா பரவாயில்ல கண்ணு.*

முதலில் பிரபாகர் பாடியதுபோல் இருந்தது. பிறகு பிரபாகருக்குச் சளி பிடித்ததுபோல் இருந்தது. குரலை இறக்கியதும் பஸ்ஸே பாடியதுபோல் இருந்தது. விடவில்லை. பல்செட் இல்லாத வாய்க்காகக் கன்னத்தில் பஞ்சு வைத்துப் பார்த்தார். மாமனாரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தார். அதில் உட்கார்ந்தால் குரல் தானாகவே தழுதழுத்தது. அது நடிப்பில்லை.

வீட்டில் கண்மணி என்றுமில்லாத கரிசனத்தோடு இருந்தாள்.

"என்னங்க, தொண்டை கட்டியிருக்கு?"

"குளிரு."

"சிங்கப்பூர்ல." இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். இன்னொரு நாள், "இப்ப செருமினீங்களே, அப்படியே அப்பா மாதிரி இருந்துச்சு" என்றாள். பிரபாகருக்குப் புரையேறியது. "இதுவும் அப்பா மாதிரியே" என்று முதுகைத் தட்டிவிட்டாள்.

அப்புறம் கேட்க ஆரம்பித்தாள். சும்மா, பேச்சுவாக்கில்.

"அந்தப் பெரிய கீபோர்ட வித்துரலாமா? தூசி அடையுது."

குற்றம் செய்தவன் நாக்குக்கு 'சரி' என்ற ஒரு சொல்தான் வரும். "சரிம்மா."

"ஜொகூர்ல அத்தைக்கு முடியல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாமா?"

மலேசியா போகும் ஜொகூர்ப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் நிற்பதைவிடக் குண்டு விழலாம். "சரிம்மா."

"அப்பா வருஷம் முடிஞ்சதும் பாம் ஷெல்டர எனக்குக் குடுத்துருங்க. சாமான் வைக்க எடமில்ல."

பிரபாகர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புதன்கிழமை வைத்த கத்தரிக்காய் இருந்தது. "சரிம்மா" என்றார்.

வருஷ தினம் வந்தது. ஆறு மணிக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். சின்னராசு படத்துக்கு முன்னால் வாழை இலை, அவருக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ், பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ கோசோங், ஒரு வெற்றிலைச் சுருள். வீட்டில் இருவர் மட்டும்.

"யாரும் வர்றதுக்கு முன்னால நான் ஒரு தடவ தனியா கேட்டுர்றேன்" என்றாள் கண்மணி. "எல்லார் முன்னாலயும் என்னால முடியாது."

பிரபாகர் தாம் பாடியதை ஒலிபெருக்கியில் போட்டார்.

கண்மணி கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்தது. பிரபாகர் மூச்சு விட்டார்.

"நல்லா இருக்கு" என்றாள். "ஆனா அப்பா எப்பப் பாடினாலும் முன்னால ரெண்டு தடவ இருமுவாரு. இதுல ஒண்ணுதான்."

பிரபாகர் வாயைத் திறந்தார். அதில் வந்தது இரண்டாவது இருமல்.

கண்மணி சமையலறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். மேலே அவள் கையெழுத்தில் 'அப்பா' என்று ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு தம்ப் டிரைவ்.

"இது எங்க இருந்துச்சு?"

"அப்பளத்துக்கும் அவலுக்கும் நடுவுல. ஒரு வருஷமா அங்கதான் இருக்கு. நீங்க ஒரு நாளாவது அப்பளம் எடுத்துப் பொரிச்சிருந்தா பாத்துருப்பீங்க."

"நீ எப்ப..."

"பாடுன அன்னைக்கே. அப்பாதான் கூப்பிட்டுச் சொன்னாரு. 'மாப்ள தங்கமான மனுசன். ஆனா அவரு கையில குடுத்தது மட்டும் நிக்காது. நீ ஒண்ணு எடுத்து வையி'ன்னு. எனக்கு எது வேணும், எது வேணாம்னு தெரியல. அதனால ஃபோல்டரோட எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"அழிஞ்சது உனக்குத் தெரியுமா?"

"நீங்க கடைய விட்டு எறங்கி ரயில் ஏறுறதுக்குள்ள ஃபஸீலா ஃபோன் பண்ணிட்டா."

பிரபாகர் உட்கார்ந்தார். கீபோர்ட், ஞாயிற்றுக்கிழமைகள், பாம் ஷெல்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண் முன்னால் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு போயின. "தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?" என்றார்.

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். தெனமும் பாத்தேன்."

கண்மணி டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதைச் செருகவில்லை.

"நானும் இத ஒரு தடவகூடப் போடல. கேட்டா தீர்ந்துரும்னு பயம்" என்றாள். "நீங்களே போடுங்க."

போட்டார். முதலில் நாற்காலி கிரீச்சிட்டது. 'ஆரம்பிக்கலாமா மாப்ள?' என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்கும் பிரபாகர் கன்னத்தில் பஞ்சு வைத்துப் பாடியதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு இருமல். பிறகு பாலம் தாண்டி பஸ் வந்தது. கண்மணி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு வருஷமாக வராதது வந்தது. பிரபாகர் அவள் பக்கத்தில் போய் நின்றார். தோளைத் தொடலாமா என்று தெரியாமல் தொட்டார். அவள் தட்டிவிடவில்லை. இலையின் முன்னால் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்த பிறகும் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வெளியே மின்தூக்கி திறக்கும் சத்தமும் உறவுக்காரர்கள் பேச்சும் கேட்டன. பிரபாகர் அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் போனார். தாம் பாடியதை அழிப்பதற்கு விரலை வைத்தார்.

"அத அழிக்காதீங்க" என்றாள் கண்மணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. கையில் ஏற்கெனவே ஒரு ஒட்டுத்தாளும் பேனாவும் இருந்தன. "நல்லாத்தான் பாடியிருக்கீங்க. பேர் எழுதி வச்சுர்றேன். உங்க வருஷத்துக்கு ஆகும்."