நிமிர்ந்து நின்று எடுத்த அளவு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் முதுகு மட்டும் இந்த நலத்தில் சேராது.

எங்கள் தையற்கடையில் முன்னால் நின்று அளவெடுக்கிற என்னைப் பார்த்துவிட்டு முதலாளியின் அண்ணன், "கூனிக்கிட்டு நிக்கிற ஆள முன்னால வச்சா கடைக்கு அழகா? உள்ள பட்டன் தைக்க அனுப்பு" என்று சொல்லிவிட்டதைப் போனில் சொல்லி நான் புலம்பினேன். ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுக்கிற தாங்கள், "கால அகட்டி வச்சு, இடுப்புல கை வச்சு, தலைய நிமித்தி நில்லுங்க மாமா. உடம்பு நிமிந்தா மனசு தானா நிமிரும்" என்றீர்கள். படித்தவர் சொல்கிறாரே என்று அடுப்படியிலேயே ஆரம்பித்தேன். உங்கள் அத்தை, "இப்ப நான் என்ன பண்ணிட்டேன்னு சண்டைக்கு நிக்கிறீங்க?" என்றாள். வாசலில் அப்படியே நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், நான் கேட்காமலே தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் உள்ளே கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தது.

வினை கடையில் வந்தது. இத்தனை காலமும் நான் தொங்கிய தோளோடு டேப்பை எடுத்தால், எதிரே நிற்பவரும் தளர்ந்துபோய் மூட்டுவலி, மருமகள் என்று பேச ஆரம்பிப்பார். உண்மையான உடம்பு டேப்புக்குள் வந்து நிற்கும். இப்போது நான் நெஞ்சை நிமிர்த்தியதும், வந்தவர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை விரித்தார்கள். நானும் அதையே அளந்து வெட்டக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக்குப் போய் மூச்சை விட்டதும் சட்டைக்குள் இன்னொருவர் குடியிருக்கலாம் போல ஆகிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் போட்டபடியே வந்து, "இது யார் சட்டைங்க?" என்று அமைதியாகக் கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

முதலாளி கூப்பிட்டார். பழக்கதோஷத்தில் இடுப்பில் கை வைத்தபடியே போய் நின்றேன். "என்ன, அடிக்க வந்தீங்களா?" என்றார். அவ்வளவுதான், தோள் பொத்தென்று விழுந்தது. பழைய கூனோடு, "என்னை உள்ள அனுப்பாதீங்க முதலாளி. நாலு பேர் மனசு விட்டுப் பேசுறது என்கிட்டதான். பட்டன் பேசாது" என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சரி, முன்னாலேயே இருங்க. நெஞ்ச மட்டும் இறக்கிருங்க" என்றார்.

ஆகையால் மாப்பிள்ளை, தாங்கள் தவறாக நினைக்கக்கூடாது, கேட்டதைக் கொடுத்தது கூன்தான். இனி இந்த வயதான உடம்பை அதன் போக்கில் விட்டுவிடும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு எங்கள் ஆசி. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்
மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு விஷயம். நான் முன்னாலேயே இருப்பேன் என்பதை முதலாளி அடுத்த வாரம் அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அண்ணன் என்றால் நடுக்கம். இன்று கடையைச் சாத்தியதும் என்னிடம் வந்து, "அன்னைக்கு நின்னீங்களே, அது எப்படி?" என்று மெல்லக் கேட்டார். அளவு பார்க்கிற கண்ணாடி முன்னால் இருவரும் காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து நின்றோம். பயம் போகவில்லை. ஆனால் கண்ணாடியில் இருந்தவர்களைப் பார்த்தால் பயந்தவர்களாகத் தெரியவில்லை. அண்ணன்மார் முன்னால் நிற்பதற்கென்று தனியாக ஏதேனும் நிலை இருந்தால், இது கிடைத்த உடனே போன் செய்யவும்.