போன வழியில் வராத மனிதர்

பூமி உருண்டை என்பதை முழுசாக நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் ஒன்வே அண்ணன்தான். நாமெல்லாம் அதைப் பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டோம். அவர் மட்டும், நேராக நடந்துகொண்டே இருந்தால் என்றைக்காவது தன் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்காகத் தன் காலை மட்டும் தேய்த்திருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் எல்லார் காலையும் சேர்த்துத் தேய்த்தார்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று வழிநெடுக ஆட்களை ஏற்றிக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இறக்குவேன். சாயங்காலம் அதே வழியில் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். எனக்குக் கோபம் அதிகம். குறுக்கே வரும் பைக்கைப் பார்த்தால் வரும். இண்டிகேட்டர் போடாத டிரெய்லரைப் பார்த்தால் வரும். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பாமலே போகிற டிரெய்லரைப் பார்த்தால் கண் சிவந்துவிடும். டிரைவர்களுக்கான பரிசோதனையில் பிரஷர் பார்த்த டாக்டர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். பஸ் காண்டிராக்டர் அவரைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

"மூணு மாசம் டைம். திருவள்ளூர்ல மறுபடி செக்கப். எறங்கலன்னா சாவிய மேஜ மேல வெச்சிட்டுப் போய்க்கினே இரு."

எனக்கு வேறு தொழில் தெரியாது. பஸ்ஸில் தினமும் வரும் மேரி அக்கா, பேக்கிங் செக்‌ஷன்காரர், என் சீட்டுக்குப் பின்னாலேயே உட்காருகிறவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ ஸ்டீரிங்கப் புட்ச்சிக்கினு கத்தறதப் பாத்து எங்களுக்குத்தான் முன்னாடி மாரடைப்பு வரும். ஞாயித்துக்கெழம எங்ககூட நடக்க வாயா. மெடிக்கல் பாபு ஒரு குரூப்பு வெச்சிருக்கார்."

மெடிக்கல் பாபு என்பவர் மருந்துக்கடைக்காரர். மருந்தும் விற்பார், மருந்து வேண்டாம், நடங்கள் என்றும் சொல்வார். வியாபாரம் தெரியாதவர். கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் இருக்கும் டீக்கடையில்தான் குழு கூடும். குழுவுக்குத் தலைவர் பாபு. ஆனால் முன்னால் நடப்பது ஒன்வே அண்ணன். அவர் நிஜப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. போன வழியில் திரும்பி வரமாட்டார், அதனால் ஒன்வே. ஒல்லி, நெட்டை, தலையில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில்கூடக் கிடையாது. நடந்தால் எங்காவது தண்ணீர் வரத்தானே போகிறது என்பார்.

முதல் ஞாயிறு ஆடி மாசம். "சும்மா கொஞ்ச தூரந்தான்" என்று பாபு சொன்னார். அரை மணி நேரம் கழித்து "சரி, திரும்பலாமா?" என்றார். ஒன்வே கேட்காதவர் மாதிரி போய்க்கொண்டே இருந்தார். நாங்கள் அவரைப் பிடித்துத் திருப்புவதற்காகப் பின்னால் போனோம். அப்படிப் பிடிக்கப் போய்த்தான் மதியம் பெரியபாளையம் வந்து சேர்ந்தோம்.

கோயில் தெருவெல்லாம் வேப்பிலைக் கூட்டம். வேர்த்து, தூசியில் குளித்து, நொண்டிக்கொண்டு வந்த எங்களைப் பார்த்ததும் ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "பாத யாத்திரையா? எந்த ஊருங்க?" என்றபடி மேரி அக்கா நெற்றியில் மஞ்சளை அப்பிவிட்டார்.

"ஐயோ, நான் சர்ச்சுக்குப் போறவம்மா. இந்தாளு பின்னால வந்து மாட்டிக்கினேன்."

"இன்னா இருந்தா இன்னாம்மா, நடந்து வந்துகினியே, கூழு குடி."

மேரி அக்கா ஒரு சொம்புக் கூழைக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு வாங்கினார். நான் ஒன்வேயைப் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பத்திரிகையில் அதை எழுத முடியாது. அவர் சிரித்த முகத்தோடு முழுசாகக் கேட்டுவிட்டு, "ஆமா நைனா, கூழு நல்லாத்தான் கீது" என்றார்.

திரும்பும்போதாவது நேர் வழியில் பஸ் பிடிப்பார் என்று நினைத்தேன். ஊத்துக்கோட்டைக்கு ஏற்றினார். அங்கிருந்து ஆந்திராவுக்குள் நுழைந்து, சத்தியவேடு போய், ஷேர் ஆட்டோவில் நசுங்கி, இருட்டும் நேரத்தில் கவரைப்பேட்டையில் இறங்கினோம். காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவன் இன்னொரு மாநிலத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

மறுவாரம் தொழிற்பேட்டைக்குள் போனோம். சாலை ஒரு கம்பெனி கேட்டில் முடிந்தது. மனுஷனாகப் பிறந்தவன் அங்கே திரும்புவான். இவர் வாட்ச்மேனிடம், "பின்னால கேட்டு கீதில்ல? அப்டியே போய்க்கிறோம்" என்றார். இவர் நிமிர்ந்து கூரையையும் புகைக்குழாயையும் பார்த்த பார்வை, பாபு கையில் வைத்திருந்த பை, மேரி அக்காவின் தொப்பி எல்லாவற்றையும் பார்த்த வாட்ச்மேன் ஏதோ சோதனை போட வந்தவர்கள் என்று முடிவு கட்டிவிட்டார். ஓடினார். போன் போட்டார். நாங்கள் நடந்த வழியில் எங்களுக்கு முன்னால் தண்ணீர் தெளித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆளுக்கு ஹெல்மெட் மாட்டினார்கள். மேனேஜர் லுங்கியோடு வந்து பிஸ்கெட் நீட்டினார். ஒன்வே இரண்டு எடுத்துக்கொண்டு, "ஷெட்டு நல்லாக்கீது சார்" என்று சொல்லிவிட்டுப் பின் கேட் வழியாக வெளியேறினார். அந்த மேனேஜருக்கு அன்றைக்கு என்ன பிரஷர் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் பாபுவிடம் சொல்லிவிட்டேன். "இந்தாளு இருந்தா நான் வரல. பிரஷர் எறங்கறதுக்கு வந்தேன். ஏறிக்கினு போவுது. இன்னா கத்தினாலும் சிரிக்கிறாரு."

"அவருக்குக் காது கேக்காது டிரைவரே. பக்கத்துல வந்து கத்துனாதான் கேக்கும்."

இரண்டு ஞாயிறாக நான் திட்டிய திட்டு அவ்வளவும் வீண். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அதே நாள், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிரெய்லர் பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்வே அதை நோக்கி நேராகப் போகிறார். பாபு கத்தினார், மேரி அக்கா கத்தினார். அண்ணன் பக்கவாட்டில் ஏதோ புகைக்குழாயைப் பார்த்தபடி போகிறார். நான் ஓடி அவர் கண்ணெதிரே போய், "போதும்யா!" என்று இரண்டு கையையும் அகல விரித்தேன். அவ்வளவுதான். மனுஷன் அப்படியே நின்றார். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. டிரெய்லர் அவர் துண்டை உரசாத குறையாக வந்து ஓய்ந்தது.

"இன்னா நைனா, லோடு இடிச்சிருச்சா?" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் இரும்பு மில்லில் கிரேன் ஓட்டுகிறவர். ஷெட்டின் உச்சியில், தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதில் தொங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே இரும்பு போடும் சத்தத்தில் யார் பேச்சும் மேலே எட்டாது. கீழே நிற்பவன் கையைக் காட்டினால் இவர் வண்டியை நகர்த்துவார். இரண்டு கையும் விரித்தால், உலகமே இடிந்தாலும் நிறுத்த வேண்டும். ஆயுசு முழுக்க மனுஷர்களின் வாயைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்து வாழ்ந்தவர்.

டீக்கடையில் அவர் காதருகே போய்க் கேட்டேன். "அது இருக்கட்டும்ணா. திரும்பி வந்தா இன்னா குறஞ்சா போய்டும்?"

"ஷெட்டுல அந்தக் கோடிக்குப் போவேன். இந்தக் கோடிக்கு வருவேன். திருப்பி அந்தக் கோடி. ஒரு வளைவு கெடையாது நைனா, ஒரு சந்து கெடையாது. ஞாயித்துக்கெழமையும் அதே மாரி போய்ட்டு அதே மாரி வர்றதுக்கு நான் இன்னாத்துக்குக் கெளம்பணும்?" டீயைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் அந்த ரூட்லயேதான ஓட்டிக்கினுகீற? உனுக்குப் பேஜாரா இல்ல?"

டீ ஆறிவிட்டது என்று கடைக்காரனைத் திட்டினேன்.

அன்றிலிருந்து அவரைப் பார்த்துக் கத்துவதைக் குறைத்தேன். கத்தி என்ன பயன்? கையைக் காட்டக் கற்றுக்கொண்டேன். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. சுழற்றும் விரலுக்கு முன்னால் மற்றக் கையை அசையாமல் பிடித்தால் மெதுவாக. கையால் ஒருவனைத் திட்ட முடியாது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். முயன்று பார்த்தேன். விரலைச் சுழற்றுவதற்குள் கோபம் பாதி போய்விடுகிறது.

செக்கப்புக்கு முந்தைய ஞாயிறு, சுண்ணாம்புகுளம் பக்கம் போய், பழவேற்காடு ஏரி ஓரமாக இறால் பண்ணைக் கரையில் நடந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒற்றையடி மண் கரை, தலைக்கு மேல் வெயில். வெகுதூரம் போனபிறகு கரை உடைந்து கிடந்தது. அதற்கப்புறம் தண்ணீர்தான். எனக்குத் தலை சுற்றியது. குந்திவிட்டேன். பாபு என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மெதுவா நெழலுக்குக் கூட்டிக்கினு போய்டணும், திரும்புங்க" என்றார்.

ஒன்வே தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "படகு வரும்."

"படகும் வராது, ஒரு மண்ணும் வராது. இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா இவன் பொண்டாட்டிக்கு நீ பதில் சொல்லுவியாயா?" என்று மேரி அக்கா அவர் காதில் கத்தினார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, இரண்டு கையையும் விரித்தேன்.

அவர் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. பிறகு என்னைத் தாண்டி, நாங்கள் வந்த பக்கமாகப் போய் நின்று, என் முகத்தைப் பார்த்துத் திரும்பினார். அப்படியே ஒரு அடி பின்னால் வைத்தார்.

"கிரேன் திரும்பாது நைனா. ரிவர்ஸ்லதான் வரும். கைய காட்டு."

கரை முழுக்க அவர் பின்பக்கமாக நடந்தார். நான் பாபுவின் தோளைப் பிடித்தபடி எதிரே நடந்து, ஒரு கையால் இடம், வலம் காட்டினேன். பின்னால் பள்ளம் இருக்கிறதா, நண்டு வளை இருக்கிறதா என்று அவருக்காக நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. தலை சுற்றுவதை மறந்துவிட்டேன். வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன். இந்த ஆளு இன்னா பின்னாலயே நடந்துகினு போறான்?"

"கம்பெனிக்காரனுங்க புதுசா ஏதோ கண்டுபுட்ச்சிகிறானுங்க."

அவர்களைப் பார்த்த நேரத்தில் இடத்துக்குப் பதில் வலத்தைக் காட்டிவிட்டேன். அண்ணன் கொஞ்சமும் சந்தேகப்படாமல், கை காட்டிய திசையில் இறால் குட்டைக்குள் மல்லாக்க விழுந்தார். காவல்காரன் தடியோடு ஓடிவந்தான். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி ஒன்வே எனக்கு விரலை மேலே நீட்டிச் சுழற்றிக் காட்டினார். தூக்கு.

நான் சிரித்தேன். எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை.

செக்கப் அன்று திருவள்ளூர் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். விட்டேனா? நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தபோது அது உச்சியில் இருந்தது. "நடந்து எறங்கிகீதுன்னு சொன்னீங்களே? சண்ட போட்டா ஏறாதா? பத்து நிமிசம் வாயத் தொறக்காம உக்காருங்க. இன்னொரு வாட்டி பாப்பேன். அதான் கடைசி."

அந்தப் பத்து நிமிஷத்தில் என் வேலை இருந்தது. அதை நினைக்க நினைக்க மார்பு அடித்துக்கொண்டது. நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், தலையில் துண்டோடு ஒன்வே நின்றுகொண்டிருந்தார். கூட வந்தவர்களை உள்ளே விடமாட்டேன் என்று வாட்ச்மேன் தடுத்திருக்கிறார். அவர் அதற்கெல்லாம் சண்டை போடவில்லை. என் கண்ணைப் பார்த்து, ஒரு விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினார். மற்றக் கையை அதற்கு முன்னால் அசையாமல் பிடித்தார்.

இறக்கு. மெதுவாக.

நர்ஸ் வந்து மறுபடி கட்டும்வரை அவர் கையை எடுக்கவில்லை. நானும் அந்த விரலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெஷின் ஓய்ந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப சரியாகீது. இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எறக்கிட்டாங்க."

வெளியே வந்து, "வாண்ணா, பெரியபாளையம் பஸ்ஸு நிக்குது" என்று காதில் சொன்னேன். அவர் என்னை ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரியபாளையம் வழியாகத்தானே வந்தார்? மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கே இன்னொரு ரயில் மாறி, மெட்ராஸையே சுற்றிக்கொண்டு கவரைப்பேட்டை வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவருக்கே பயம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

போன வருஷம் ரிட்டையர் ஆனார். நெல்லூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். எப்போதும்போல "போறேன்" என்றார். மேரி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போய்ட்டு வரேன்னு சொல்லுய்யா, எத்தினி வாட்டி சொல்றது" என்று அதட்டினார். அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் சிரித்தாரா, தெரியாது. ரயில் நகர்ந்ததும் ஜன்னலில் இருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் விரித்திருந்தால் சங்கிலியைப் பிடித்து இழுத்திருப்பார், எனக்குத் தெரியும். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

ரயிலில் போனவர் ரயிலில் வரமாட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், டீக்கடையில் ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, மற்ற எல்லாச் சாலைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.