ஒற்றைக் காலில் நெட்

“போச்சு! மறுபடியும் நின்னுடுச்சு!”

யோகா மாஸ்டர் தூக்கியிருந்த காலைத் தொப்பென்று கீழே போட்டார். லேப்டாப்பில் மாணவர்கள் ஆறு பேரும் சிலையாக உறைந்து கிடந்தார்கள். சத்தமும் இல்லை.

“உன் தம்பி பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! வயரே வேணாம் மாமா, இந்தப் பெட்டியை வச்சா காத்துலயே நெட் வரும்னான். காத்து மட்டும்தான் வருது!”

“ஒரு மாசம் ட்ரையல்தானேன்னு பல்லைக் காட்டி வாங்கி வச்சது யாரு?” என்றாள் மனைவி.

மாஸ்டருக்கு அழுகை முட்டியது. ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்களுக்காக ஒரு மாதம் அவரைப் பரீட்சித்துப் பார்க்கிறது. மேனேஜரம்மாவும் கூடவே நின்று பயிற்சி செய்கிறார். அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க வகுப்பு. இதை நம்பித்தான் மனிதர் ஜிம் வேலையை விட்டிருந்தார்.

நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். “பெட்டியை உயரத்துல வைங்க சார்” என்றது ஒரு பெண் குரல்.

பீரோ மேல் வைத்தார். ஒற்றைக் காலில் நின்று கைகூப்பும்வரை ஓடியது. கூப்பியதும் செத்தது.

“அப்ப ஜன்னல் ஓரமா வைங்க சார்.”

வைத்தார். வெயிலில் பெட்டி கொதித்து அணைந்தே போயிற்று. மனைவி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். காற்றில் திரைச்சீலை பறந்து, பெட்டியை இழுத்துக் கீழே தள்ளியது. அதன்பிறகு நெட் ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிக நேரம் நின்றது. மாஸ்டர் அதைக் குலுக்கினார், தட்டினார், கெஞ்சினார்.

நெட்டுக்கு உயிர் வரும்போதெல்லாம் திரையில் தெரிந்த முகங்களைப் பார்த்துவிட்டு மனைவியிடம் புலம்பினார்.

“எல்லார் மூஞ்சியும் செவந்து வேர்த்துக் கிடக்குடி. கோவத்துல பல்லைக் கடிக்கிறாங்க.”

“ஏதாவது சொன்னாங்களா?”

“வாயே திறக்கல. அதான் பயமா இருக்கு. இதுல தினம் புதுசு புதுசா ஆளுங்க வேற வர்றாங்க. என் மானம் போறதை வேடிக்கை பாக்கத்தான்!”

மாதத்தின் கடைசி வகுப்பு. மாஸ்டர் முந்தின நாளே பழைய வயர் நெட்டைத் திரும்ப இழுக்க வைத்துவிட்டார். காலையில் பெட்டியை எடுத்துப்போக நெட் கம்பெனி ஆள் வந்தார்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி, கண்ணுல படவே கூடாது” என்று மனைவி அதை அவர் கையில் திணித்தாள்.

அன்று படம் கண்ணாடி மாதிரி ஓடியது. திரை கொள்ளாத கூட்டம். மாஸ்டர் உற்சாகமாகக் காலைத் தூக்கினார். முட்டி ‘டக்’கென்றது. தள்ளாடினார். பீரோவைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. காலை இறக்கிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். தெருவில் பெட்டிக்காரரின் வண்டி கிளம்பியது.

“மேடம், இன்னிக்கு எல்லாம் க்ளியரா தெரியுதா?”

“தெரியுது மாஸ்டர்” என்றார் மேனேஜரம்மா, முகம் வாடிப்போய். “தினமும் ஒத்தக் கால்ல, கண்ணைக்கூட சிமிட்டாம அவ்வளவு நேரம் நிப்பீங்களே, அதைப் பாத்துட்டுத்தானே மொத்த ஆபீஸும் வந்து சேர்ந்துச்சு... இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?”