மேட்டு மூலை நெல்

கிருஷிகா கடைசிக் குச்சியை அடித்து இறக்கியதும் சரவணமுத்து வரம்பிலிருந்து எழும்பிவிட்டார். இரண்டு ஏக்கர் வயலில் இந்தப் பிள்ளைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

மார்கழி வெள்ளம் வயல் முழுவதையும் அழுக வைத்துவிட்டுப் போயிருந்தது. வாய்க்கால் ஓரத்து மேட்டு மூலை மட்டும் எப்படியோ தப்பி, கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. அடுத்த போகத்துக்கு அவரிடம் இருக்கும் விதைநெல் அவ்வளவுதான். விளைச்சலையும் வறுமையையும் ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள், ஐந்து மீற்றர் சதுரத்தைச் சரியாக அதன் மேலேயே போட்டுவிட்டாள். சதுரத்துக்குள் நிற்பதை அறுத்து, நிறுத்து, எழுதிக்கொண்டு போவாள்.

விளைச்சல் படுத்த வயலுக்கு ஏக்கருக்கு இரண்டு மூடை விதைநெல் பல்கலைக்கழகத்தார் இலவசமாகக் கொடுப்பதாகப் பெரியமடு ஊர் முழுக்கக் கதை. இந்த மூலை நெல்லை நிறுத்துப் பார்த்தால் அவர் பணக்காரராகிவிடுவார், காகிதத்தில்.

"பிள்ளை, அந்தப் பக்கம் போடுங்கோவன். அங்கைதான் உண்மையான வயல் கிடக்கு."

"ஏலாது ஐயா. கொம்பியூட்டர் தந்த இடம். நானா மாத்தினா ஆராய்ச்சி பிழைச்சுப்போம்."

"அப்ப இந்த மூலை என்ரை கையிலை இல்லை." வாய் முந்திவிட்டது. "மச்சான் சுபாஸ்கரனுக்குச் செய்யக் குடுத்தனான்."

அவள் பேனை ஓடியது. "குத்தகைக்கும் காணி குடுக்கிறியள். எழுதிப்போட்டன்."

ஏழை என்று பெயரெடுக்க வந்த இடத்தில் நிலச்சுவாந்தராகிக்கொண்டிருந்தார் மனிதர். வீட்டைப் பார்த்தாலாவது உண்மை விளங்கும் என்று நினைத்து, அறுக்குமுன் வீட்டுக் கேள்விகளை முடிக்கலாம் என அவரே அவளை அழைத்துப்போனார். மனைவி சிவலட்சுமியைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்.

வந்த பிள்ளைக்கு வெறுந்தேத்தண்ணி கொடுப்பதா? சிவலட்சுமி பக்கத்து வீட்டுச் சுபத்திராவிடம் உட்கார ஒரு கதிரையும் பால்மாவும் பூப்போட்ட கோப்பையும் இரவல் வாங்கித் தயாராக நின்றாள். தட்டில் பிஸ்கட் வேறு.

"ஒரு நாளைக்கு எத்தினை நேரம் சாப்பிடுவியள்?"

"ரெண்டு," என்றார் சரவணமுத்து. அதுவே கொஞ்சம் கூட்டித்தான்.

"மூண்டு," என்றாள் சிவலட்சுமி. "இடையிலை பலகாரமும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையிலிருந்து இருவர் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. பட்டினியை வெளியாளிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. அது தெரிந்ததால் அவரால் கோபிக்கவும் முடியவில்லை. பேனை மூன்று என்றே எழுதியது. இனி அந்த நெல்லின் எடையில்தான் எல்லாம் இருந்தது.

"மாட்டைக் கட்டிப்போட்டு வாறன்," என்று எழும்பினார். அவர்களிடம் மாடே கிடையாது.

"எத்தினை மாடு அம்மா?" என்று கிருஷிகா கேட்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது. சிவலட்சுமி சொன்ன கணக்கைக் கேட்க அவர் நிற்கவில்லை.

வாய்க்கால் பக்கத்து வேலியைப் பிரித்தார். குளக்கட்டில் கேட்பாரற்று மேய்ந்த கட்டாக்காலி மாடுகள் ஐந்தாறைத் தானே தடியெடுத்துச் சாய்த்துவந்து மூலைக்குள் விட்டார். அவை தயங்கவில்லை. கதிர் கதிராக உருவின. மூன்று மாதம் மயிலையும் பன்றியையும் கலைத்துக் காத்த நெல். பார்க்கப் பொறுக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு வரம்பில் குந்தினார். ஏக்கருக்கு ரெண்டு மூடை, ஏக்கருக்கு ரெண்டு மூடை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கிருஷிகா தராசோடு வந்தபோது சதுரத்துக்குள் சாணிதான் கிடந்தது.

"விளைச்சல் பூச்சியமெண்டுதான் எழுதவேணும் ஐயா."

"என்ன செய்யிறது பிள்ளை. எழுதுங்கோ."

இந்த இடத்தில் கொஞ்சம் அழவேண்டும் என்று முதலிலேயே நினைத்துவைத்திருந்தார். நடிக்கத் தேவைப்படவில்லை.

அவள் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்க, அவர் தராசைச் சுமந்துகொண்டு தெருவில் நின்ற பல்கலைக்கழக வாகனத்தடிக்குப் போனார். சாரதி லோறன்ஸ் கதவைத் திறந்து அதை வாங்கிவைத்தான்.

"தம்பி, விதைநெல்லு எப்ப வரும்?" என்று மெல்லக் கேட்டார்.

"விதைநெல்லுக் குடுக்கிற ஊருகளைப் போன மாசமே சீட்டுப்போட்டு எடுத்தாச்சு ஐயா," என்றான் லோறன்ஸ். "உங்கடை ஊர், ஒண்டும் குடுக்காட்டிச் சனம் என்ன செய்யுதெண்டு பாக்கிறதுக்கு."