அணை உடைந்த கதை

“படத்துல எத்தனை பேருடா சாவறாங்க?”

மிளகு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த ஜீவாவின் விரலில் கோணி ஊசி ஏறியது. கேட்டவர் முதலாளி அப்பாஸ் அலி. மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கும் மண்டி அவருடையது.

அது 1998. அணை உடைந்து ஒரு நகரமே முழுகும் டப்பிங் படம் கீழே ராசிபுரத்துக்கு வந்திருப்பதாக மலை முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். குடும்பத்தோடு பார்க்கலாமா என்று தெரிந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமை ஜீவாவைத்தான் அனுப்பினார் பாய். ஜீவாவும் போனான். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இன்னொரு தியேட்டரில் ஒரு ரவுடிப் படம். உள்ளேயிருந்து விசில் சத்தம். கால் தானாக அங்கே திரும்பிவிட்டது. அணை உடையும் தியேட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவன் பார்க்கவில்லை.

“நெறையப் பேருங்க பாய்,” என்றான்.

“அணை எப்படி உடையுது?”

ஜீவாவின் மண்டைக்குள் ரவுடிப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. “ஒரு ரவுடி குண்டு வெச்சுடறானுங்க.”

“ரவுடியா?” முகச்சவர பாக்கியைக் கேட்க வந்ததுபோல் வாசலில் நின்றிருந்த சலூன் சின்னராசு உள்ளே வந்தான். “நான் பாக்கறப்போ இடி விழுந்துதானே உடைஞ்சுது?”

ஜீவா ஊசியைக் கீழே வைத்தான். படம் பார்த்தவன் ஒருவன் மலையிலேயே இருக்கிறான்!

“அந்த இடி விழுந்ததே ரவுடி மேலதாங்கண்ணா. அவன் கையில குண்டு இருந்துச்சு.”

சின்னராசு ஒரு நிமிடம் யோசித்தான். “ஆமாமா. புகைல சரியாத் தெரியல.”

தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் பாய் சொன்னார்: “நல்ல கதையா இருக்குதே. வர்ற ஞாயித்துக்கிழமை வேன் புடிச்சு எல்லாருமாப் போலாம். நீயும் வர்றே.”

ஜீவாவால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. முள்ளுக்குறிச்சியில் பாய் புதுக்கடை திறக்கப்போகிறார். நம்பிக்கையான ஆளிடம்தான் சாவி கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் தான்தான் என்று ஜீவா வீட்டில் சொல்லியும் ஆயிற்று. இப்போது வேன் போய் நின்று, திரையில் ரவுடி வராமல் போனால்?

எப்படியாவது வேனை நிறுத்த வேண்டும். மறுநாள் பாயின் மனைவி தில்ஷாத் பேகத்திடம் போனான்.

“பாயம்மா, பாப்பாவுக்கு அந்தப் படம் வேண்டாமுங்க. ரொம்பப் பயங்கரம். பொணமா மெதக்குதுங்க.”

பாயின் பத்து வயது மகள் உமைரா கதவுக்குப் பின்னாலிருந்து குதித்தாள். “பொணம் மெதக்குதாம்மா! நான் முன்னாடி சீட்டு!” அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த அத்தனை பிள்ளைகளும் வேனில் இடம் கேட்டு அழுதன. பாய் பெரிய வேனாகச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை ஜீவா கடைசி ஆயுதத்தை எடுத்தான். குரலைத் தாழ்த்தி, “பாய், அதுல ஒரு சீன் கொஞ்சம் ஒரு மாதிரிங்க. பொம்பளைங்களோட உக்காந்து பாக்க முடியாது.”

பாய் நிமிர்ந்தார். “அதை ஏன்டா திங்கக்கிழமையே சொல்லல?”

அதற்குள் மண்டிக்குக் காப்பிக்கொட்டை விலை கேட்க வந்த அர்த்தனாரி வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படி ஒண்ணுமே கிடையாதுங்க பாய். நானும் பாத்தனே. அருமையான படம். அந்த நாய் கடைசியில சாவறதுதான் மனசு கேக்கல.”

“அது சாவலீங்க சார்,” என்றான் அன்றும் வாசலில் நின்றிருந்த சின்னராசு. “செத்து, பொறவு பொழைச்சுக்கும்.”

இருவரும் ஜீவாவைப் பார்த்தார்கள். பாயும் பார்த்தார்.

“நாய் செத்துச்சா, பொழைச்சுதா?”

“அந்த நேரத்துலதான் கரண்டு போயிடுச்சுங்க,” என்றான் ஜீவா. “அந்த ஒரு மாதிரி சீனும் வேற படத்தோட டிரெய்லருங்க.”

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவன் பார்த்த ரவுடிப் படத்தில், ரத்தக் கத்தியைச் செய்தித்தாளில் துடைத்துவிட்டு, அதே தாளில் ராசிபலன் படிப்பான் கதாநாயகன். அதைப் பற்றி யாரிடமாவது பேசாவிட்டால் வயிறு வெடித்துவிடும்போல் இருந்தது. பேச வழியில்லை. பார்க்காத படத்தைப் பற்றியே நாளெல்லாம் பேச வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சின்னராசுவும் வாத்தியாரும்கூட ஏறிக்கொள்ள, வேன் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. மலைப்பாதையின் எழுபது வளைவிலும் அவனுக்கு ஒரே வேண்டுதல்: வண்டி பஞ்சராக வேண்டும். முப்பதாவது வளைவில் பாய் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஜீவா, யார்கிட்டயும் சொல்லாதே. நானே அந்தப் படத்தை முன்னாடியே பாத்துட்டேன்.”

ஜீவா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“நீ உண்மை பேசறவனான்னு பாக்கத்தான் உன்னை அனுப்புனேன். நீ சொன்ன கதையில பாதி சரியா இருக்குது. மீதியப் படம் முடிஞ்சு பேசிக்கலாம்.”

எந்தப் பாதி என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மீதி நாற்பது வளைவும் அவன் கண்ணை மூடிக்கொண்டே வந்தான்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் கை நீட்டியபோது, ஜீவா பாயின் முன்னால் வந்து நின்றான்.

“பாய், என்னை மன்னிச்சுடுங்க. நான் இந்தப் படத்தைப் பாக்கவே இல்லீங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரவுடிப் படத்துக்குப் போயிட்டேன். நான் சொன்னதெல்லாம் பொய்.”

வரிசையே நின்றுவிட்டது.

“அடப்பாவி!” என்றான் சின்னராசு. “பாக்காத படத்தைப் பாத்தேன்னு சொல்ல எப்படிடா மனசு வருது? நாங்கல்லாம் காசு குடுத்துப் பாத்தவங்க.”

“என்கிட்டப் படிச்சவன்,” என்று தலையில் அடித்துக்கொண்டார் வாத்தியார். “நெனைக்கவே வெக்கமா இருக்குது.”

பாய் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார். அவர் முகம் கல்லாக இருந்தது. “நான் பாத்திருக்காட்டி, நீ என்னைய ஏமாத்தியே இருப்பே. முள்ளுக்குறிச்சிக் கடையை மறந்துடு. பொய் பேசற ஆளு எனக்கு வேண்டாம்.”

ஜீவா தலையைத் தொங்கப் போட்டான். உமைரா மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிக்கெட் கிழிப்பவருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏனுங்க, சண்டையெல்லாம் பொறவு போட்டுக்கங்க, சட்டுனு உள்ள வாங்க. படப்பெட்டி வராம ரெண்டு வாரமாத் தியேட்டரே பூட்டிக் கெடந்துச்சு, இந்தப் படத்துக்கே இன்னைக்குத்தான் மொத ஷோ!”