கல்லிடுக்கு அடைத்த தையல்காரர்

மச்சினன் வரக்கூடாது. அதற்காகத் தன் முதுகே ஒடிந்தாலும் சரி என்று தையல்காரர் முடிவு செய்துவிட்டார்.

மச்சினன் கொத்தனார். மனைவிக்கு ஒரே தம்பி. எந்த வேலைக்கு வந்தாலும் ஒரே நாளில் முடித்துவிடுவான். கிளம்பிப் போகத்தான் ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் முழுக்க, பின்வாசலில் கிடக்கும் தையல்காரரின் சாய்வு நாற்காலியில் அவன்தான் சாய்ந்திருப்பான்.

இப்போது அந்தப் பின்வாசலுக்குத்தான் கேடு வந்திருந்தது. பாவிய கற்களுக்கு நடுவே மண் கரைந்துபோய், இடுக்கெல்லாம் வாயைப் பிளந்து கிடந்தது.

"கல்லெல்லாம் இப்படி இளிக்குதே, தம்பிக்கு ஒரு போன் போடட்டுமாங்க?"

"வேண்டாம். நானே அடைக்கிறேன்."

"நீங்களா? ஊசியில நூல் கோக்கவே என்னைத்தானே கூப்பிடுறீங்க!"

"இது ஊசிக் காது இல்ல. கண்ணுக்குத் தெரியும்."

"குனிஞ்சா நிமிர மாட்டீங்களே."

"நிமிராமலே அடைக்கிறேன். உனக்கென்ன?"

"எனக்கென்ன... கொத்து வேலைன்னா சும்மாவான்னு கேட்டேன்."

அந்த 'சும்மாவா' போதும். இடுக்கோடு சேர்த்து இவள் வாயையும் அடைக்கிறேன் என்று இறங்கினார்.

பழைய கத்தரிக்கோலால் களையைக் கிள்ளினார். மணலும் சிமெண்டும் குழைத்தார். கலவை பூசும் கரணை கைக்கு அடங்கவில்லை. கலவை இடுக்கைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. யோசித்தார். லைனிங் துணியில் கூம்பாக ஒரு பை தைத்து, நுனியை வெட்டிப் பிழிந்தார். மெஷினில் ஓட்டிய தையல் போலக் கலவை நேராக இறங்கியது. மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"அந்த மூலையில ஒண்ணு விட்டுப்போச்சு."

விட்டுத்தான் போயிருந்தது. அதையும் அடைத்தார்.

கலவை காய்ந்து இறுகியதும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதுகு வில்லாக வளைந்திருந்தது; நெஞ்சு மட்டும் நிமிர்ந்திருந்தது.

"பாத்தியா? ஆடுதா?"

"அசையவே இல்லைங்க. நீங்க பெரிய ஆளுதான்." முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, மறு கையால் போனை எடுத்தாள். "தம்பி, தரை சரியாயிடுச்சு. கிளம்பி வாடா."

"அவன் எதுக்கு? அதான் வேலை முடிஞ்சுதே!"

"வேலைக்கா கூப்பிடுறேன்? போன தடவை நீங்க கடைக்குப் போயிருந்தப்போ, நாற்காலி கால் இடுக்குல எறங்கி மல்லாக்க விழுந்துட்டான். இந்தத் தரை சரியாகுற வரைக்கும் வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

"அவனே கொத்தனார்தானே? அவனே அடைச்சிருக்கலாமே!"

"வந்த வேலை ஒரு நாள்ல முடிஞ்சுது, அதுக்கு மேலயும் வேலையான்னு அலுத்துக்கிறான், பாவம்."

"அன்னிக்குப் போன் போடட்டுமான்னு கேட்டியே?"

"கேட்டேன். போட்டேனா?"

இடுக்கோடு சேர்ந்து அடைபட்டது தையல்காரரின் வாய்தான்.

"சாயங்காலமே வந்துடுவானாம்," என்றாள் மனைவி, தைல பாட்டிலை மூடியபடி. "கொஞ்சம் எந்திரிங்க, நாற்காலியைத் தொடைச்சு வைக்கணும்."